கப்பல் மோதிப் படகு மூழ்கினால்: விசாரணை அறிக்கைக்காகக் காத்திருக்காதீர்கள்

குமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில், கணவரைக் கடலில் பறிகொடுத்த ஒரு பெண் பதினான்கு மாதங்களாகச் சேர்த்து வைத்த காகிதங்களை என் முன்னே எடுத்து வைத்தார். இரண்டு மனுக்களின் நகல்களும், ஓர் அலுவலகத்திலிருந்து வந்த ஒரே ஒரு பதிலும் அவற்றில் இருந்தன. விசாரணை நிலுவையில் உள்ளது, அறிக்கை கிடைத்த பின் தெரிவிக்கப்படும் என்பதே அந்தப் பதில். அவர் அதை நம்பிக் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பிலேயே, மோதிய கப்பலின் மீது அவருக்கு இருந்த மிக வலுவான உரிமை காலாவதியாகிப் போனது என்பதை, அவர் ஏறி இறங்கிய எந்த அலுவலகத்திலும் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

அந்த விசாரணை எதற்காக நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், சென்னை போன்ற துறைமுக நகரங்களில் இருக்கும் வணிகக் கடல்துறை அலுவலகங்கள் வழியாக இதை நடத்துகிறது. பல பத்தாண்டுகளாக இதற்கு அடிப்படையாக இருந்த 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியுள்ளது. கப்பல் பனாமா, லைபீரியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளின் கொடியுடன் ஓடினால், 2010 முதல் நடப்பில் உள்ள பன்னாட்டு விதிகளின்படி அந்தக் கொடி நாடும் தனியே விசாரிக்கும். கண்காணிப்புப் பணியில் யார் இருந்தார், ரேடாரில் படகு தெரிந்ததா, எந்த நடைமுறையை மாற்றினால் அடுத்த படகு தப்பும் என்பனவே பாதுகாப்பு விசாரணையின் கேள்விகள். அவை தேவையான கேள்விகள்தான். ஆனால் உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு பணம், அதை யார் தர வேண்டும் என்று அந்த அறிக்கையில் ஒரு வரிகூட இருக்காது. இழப்பீட்டுக்கு வேறு வழிகள் உள்ளன, அவற்றின் கெடுவும் வேறு.

முதல் இரண்டு நாட்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. கப்பலின் மேல்தளத்தில் பேசப்பட்டதும், ரேடாரில் தெரிந்ததும், போன வேகமும் திசையும் பயணப் பதிவுக் கருவியில் பதிவாகின்றன. 2014 ஜூலைக்குப் பின் பொருத்தப்பட்ட கருவிகளின் பாதுகாப்புப் பேழையில் குறைந்தது 48 மணி நேரப் பதிவு இருக்க வேண்டும். பழைய கருவிகளுக்கு விதித்த குறைந்தபட்ச அளவு 12 மணி நேரம் மட்டுமே. அதன் பிறகு பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். ஆகையால் கரைக்கு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாமல், படகிலுள்ள வி.எச்.எப். வானொலிக் கருவியின் 16ஆம் சேனலில் அறிவியுங்கள். கைப்பேசி எட்டும் தொலைவில் இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554, கடலோரக் காவல்துறையின் 1093 ஆகிய எண்களுக்கும் சொல்லுங்கள். நேரம் குறிக்கப்பட்ட அந்த அழைப்பே பின்னர் உங்கள் முதல் சாட்சி.

இடத்தைச் சொல்லும்போது, இத்தனை பாகம் ஆழத்தில், இன்ன ஊருக்கு நேரே என்று நம் மீனவர்கள் சொல்வது கடலில் தெளிவாகப் புரியும், ஆனால் அலுவலகத்தில் அதை வைத்துக் கப்பலைத் தேட மாட்டார்கள். ஜி.பி.எஸ். கருவியில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அவை இரண்டும் இருந்தால், கப்பல்கள் தானாக அனுப்பும் அடையாளச் சமிக்ஞையின் பதிவிலிருந்து அந்நேரம் அவ்வழியே சென்ற கப்பலைக் கண்டுபிடிக்க முடியும். படகு மிஞ்சியிருந்தால் அதைத் தொடாதீர்கள். மோதலில் தப்பிக் கரை சேர்ந்த ஒரு விசைப்படகின் அணியத்தில் (முன்பகுதியில்), உள்ளங்கை அகலத்துக்குச் செம்பழுப்பு நிறச் சாயம் பலகையின் இழைகளுக்குள் ஏறியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கப்பலின் அடிப்பகுதிக்குப் பூசும் சாயம் அது. தொழில் கெட்டுவிடும் என்ற அவசரத்தில் உரிமையாளர் மறுவாரமே அதைச் சுரண்டிவிட்டுப் புதுச் சாயம் அடித்துவிட்டார். கப்பல் நிறுவனம் மறுத்தபோது, காட்டுவதற்கு அவரிடம் எதுவும் இருக்கவில்லை.

காவல் நிலையத்தில் அனேகமாக முதலில் கேட்கும் சொல், சம்பவம் 12 கடல் மைலுக்கு வெளியே நடந்தது, எங்கள் எல்லை அல்ல என்பதாக இருக்கும். அதைக் கேட்டுத் திரும்பி வராதீர்கள். குற்றம் எந்த இடத்தில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்யலாம் என்று இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு செய்தார்கள் என்று நிம்மதி அடைவதற்கு முன், முதல் தகவல் அறிக்கையை ஒருவரைக் கொண்டு வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். "படகு கவிழ்ந்து", "தவறி விழுந்து" என்று எழுதி முடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. கப்பலின் பெயர் தெரியாவிட்டால், அடையாளம் தெரியாத கப்பல் மோதியதால் என்றாவது அதில் இருக்க வேண்டும். அந்தச் சொல் விடுபட்டால், பின்னால் திறக்க வேண்டிய கதவுகள் அத்தனையும் அடைபடும்.

நம் ஆட்கள் வெளி மாநிலங்களிலிருந்து தொழிலுக்குப் போவதால் அலைக்கழிப்பு இரட்டிப்பாகிறது. 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் சிங்கப்பூர்க் கொடியுடன் சென்ற ஏ.பி.எல். லே ஹாவ்ர் என்ற கப்பல் மோதிய படகு, கேரளத்தின் பேப்பூரிலிருந்து புறப்பட்டது. அதில் இருந்த 14 பேரும் தமிழ்நாட்டையும் மேற்கு வங்கத்தையும் சேர்ந்தவர்கள். ஒரே விபத்தில் நான்கு மாநிலங்களும் ஒரு வெளிநாடும் வந்துவிடுகின்றன. அங்கே போங்கள் என்று ஒவ்வொருவரும் கை காட்ட இதைவிட வசதி வேண்டாம். எங்கே மனு கொடுத்தாலும், அலுவலக முத்திரையும் தேதியும் உள்ள ஒப்புகை இல்லாமல் வெளியே வராதீர்கள்.

உடல் கிடைக்காத குடும்பங்களிடம், ஏழு வருடம் கழித்து வாருங்கள் என்று சொல்கிறார்கள். இதைவிட என்னைக் கோபப்படுத்தும் பதில் வேறில்லை. ஏழாண்டுகள் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது ஓர் அனுமானம் மட்டுமே. மோதலை நேரில் கண்டு உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலம் இருந்தால், இறப்பை அதற்கு முன்பே நீதிமன்றத்தில் நிறுவலாம். 2017 ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு ஏழாண்டு கணக்குப் பார்க்காமல்தான் நிவாரணம் வழங்கப்பட்டது. தப்பியவர்கள் சொந்த ஊர் திரும்புவதற்குள் அவர்களுடைய வாக்குமூலத்தை நோட்டரி முன் எழுதி வாங்குங்கள். வங்காளத்துக்கோ அசாமுக்கோ போய்விட்டால் பிறகு அவர்களைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல.

காப்பீட்டுப் பணம் தனி. பிரதமர் மீன்வளத் திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 இலட்சம் ரூபாய், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 இலட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 வரை உண்டு. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. ஆனால் பட்டியலில் பெயர் ஏறியிருக்க வேண்டும், இங்கேதான் கூலிக்குப் போகும் தொழிலாளர்கள் விழுகிறார்கள். படகில் ஏறியவர்களின் பட்டியலில் கடைசி நேரத்தில் ஆள் மாறியிருந்தால், அவர் அந்தப் படகில் இருந்தார் என்பதையே குடும்பம் நிரூபிக்க வேண்டியிருக்கும். காப்பீட்டுப் பணம் வாங்கினால் கப்பல் மீது கோர முடியாது என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கப்பல் உரிமையாளரிடமிருந்து இழப்பீடு பெற, 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டின் கடல்சார் உரிமைகள் பற்றிய சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போனால் காலம்தான் விரயமாகும். கப்பல் உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குட்பட்ட கடலில் நிற்கும்போதே அதைச் சிறைப்பிடிக்க ஆணை வாங்கலாம், அப்போது உரிமையாளர் பிணை கட்டித்தான் கப்பலை மீட்க முடியும். உயிரிழப்புக்கான கோரிக்கை கப்பலின் மீதே பற்றுரிமையாக, அதாவது கப்பலையே ஈடாகப் பிடிக்கும் உரிமையாக நிற்கிறது, கப்பலை வேறொருவருக்கு விற்றாலும் அது கூடவே போகும். ஆனால் ஓராண்டுக்குள் கப்பல் சிறைப்பிடிக்கப்படாவிட்டால் அந்தப் பற்றுரிமை போய்விடும். மனு கொடுத்ததும், விசாரணை அறிக்கைக்காகக் காத்திருந்ததும் இந்த ஓராண்டை நீட்டாது. நான் முதலில் சொன்ன பெண் இழந்தது இதைத்தான்.

கப்பல் தரப்புக் காப்பீட்டாளரின் ஆட்கள் சில நாட்களிலேயே வீடு தேடி வரக்கூடும். ஈமச் செலவுக்கு என்று ஒரு தொகையைக் கொடுத்து, ஆங்கிலத்தில் உள்ள தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வாசகம் அதில் இருக்கலாம். வழக்கறிஞர் படிக்காமல் கைநாட்டுகூட வைக்காதீர்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்பது தடையல்ல. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ கேளுங்கள். போகும்போது முதல் தகவல் அறிக்கை, ஒப்புகைச் சீட்டுகள், தப்பியவர்களின் வாக்குமூலம், ஜி.பி.எஸ். எண்கள் எழுதிய தாள் ஆகியவற்றின் நகல்களைக் கொடுத்துவிட்டு, மூலங்களை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.