கோகோ காய்க்க வேண்டுமா? தோப்புக் குப்பையைக் கூட்டாதீர்கள்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டு எல்லைவரை தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ நிற்கிறது. சாயங்காலம் அந்தத் தோப்பில் நின்றால் கால் சுருக்கென்று கடிக்கும், குனிந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. 1 முதல் 3 மி.மீ. வரையுள்ள பொடி ஈ அது. கொசுவலைக் கண்ணிலேயே புகுந்துவிடும். தோலைக் கிழித்து, ஊறுகிற ரத்தத்தைக் குடிக்கும். கடிப்பது பெண் ஈ மட்டும், முட்டை வளர்வதற்காக. செம்மறிக்கு நீலநாக்கு நோயைப் பரப்பும் கியூலிகாய்டஸ் இந்தக் குடும்பம்தான்.

அதன் பங்காளி ஃபோர்சிபோமயா என்ற இன்னொரு பொடி ஈ. நம்மைக் கடிக்காது. கோகோப் பூவில் மகரந்தம் மாற்றும் வேலை பெரும்பாலும் இதன் கையில்தான்.

அடிமரத்தில் பூத்திருக்கும் ஒரு பூவைக் கிள்ளிப் பாருங்கள். குறுக்களவு 1.5 செ.மீ. இருக்கும். ஐந்து இதழ்களின் அடிப்பக்கமும் தொப்பிபோலக் குழிந்திருக்கும், மகரந்தப்பை அதற்குள் ஒளிந்திருக்கும். நடுவில் சூல்தண்டைச் சுற்றி ஐந்து செந்நிற முட்கள் வேலிபோல நிற்கும். தேனீயின் உடம்புக்கு அந்தச் சந்து போதாது. மகரந்தம் பிசுபிசுப்பானது என்பதால் காற்றும் தூக்காது. பொடி ஈ அந்த முள்ளைப் பிடித்து ஊரும்போது முதுகு மயிரில் தூள் ஒட்டுகிறது, அடுத்த பூவில் உரசுகிறது. பல கோகோ மரங்கள் தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. ஆகவே ஈ மரம் விட்டு மரம் போயாக வேண்டும். விடியலில் விரிந்த பூவுக்கு ஆயுளே ஓரிரு நாள்தான். நூறு பூவில் ஐந்து காய் பிடித்தாலே பெரிது.

இந்த ஈயின் புழு வளர்வது ஈரமான மக்குக் குப்பையில். தோப்பைக் கண்ணாடிபோலக் கூட்டிச் சருகைக் கொளுத்துகிறவர், தன் கூலியாட்களைத் தானே விரட்டுகிறார். வாழைமரத்தை வட்டத் துண்டுகளாக வெட்டி, கோகோ ஓட்டோடு சேர்த்து நிழலில் பரப்பினால் போதும். முட்டை ஈயாக ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். பத்தாம் நாளே குப்பை காய்ந்தால் புழு செத்துவிடும். சொட்டுநீர் மரத்தடியை மட்டும் நனைக்கும், குப்பைக்குத் தனியாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

கருங்காய் அழுகல் நோய் கண்ட ஓட்டை மட்டும் சேர்க்காதீர்கள், நோய்க்கிருமி திரும்ப மரத்துக்கு ஏறும். கடிக்கிற இனங்களும் இதே ஈரத்தில் பெருகலாம், அதனால் ஆட்டுப்பட்டி ஓரம் குவிக்க வேண்டாம். பூச்சிமருந்தைக் காலையில் அடித்தால் பூ விரிந்த நேரத்தில் ஈயும் மடியும்.

காய் நிற்காத பழி எல்லாம் ஈயின் தலையில் விழாது. பூ காம்போடு உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. பிஞ்சு கருகி மரத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் ஈ தன் வேலையை முடித்துவிட்டது. அத்தனை காய்க்கும் தீனி போட முடியாமல் மரம் கைவிட்டது.