காற்றில் நிற்கும் கை

கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் உச்சத்தில் இருக்கும்போது மிருதங்கக் கலைஞரைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முகம் தெளிவாக இருக்கும். கைகள் இருந்த இடத்தில் புகை மாதிரி ஏதோ தெரியும்.

கை 20 சென்டிமீட்டர் உயரம் ஏறி இறங்கக் கால் நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி வழியில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் இரண்டரை மீட்டர். கேமராவுக்குள் ஒளியை விடும் கதவான ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அதற்குள் விரல் 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000 நொடி என்றால் இரண்டரை மில்லிமீட்டர்தான்.

சரி, 1/1000 வைத்துவிட்டால் போதாதா? உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய 16-ல் ஒரு பங்காகிவிடும். கச்சேரியில் ஃபிளாஷ் போட்டுக் கலைஞரின் கண்ணைக் கூச வைப்பது பெரும் தவறு. கேமராவின் ஒளி உணர்திறன் அளவான ஐஎஸ்ஓவை ஏற்றினால் படமெங்கும் மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும். ஐஎஸ்ஓ புதிதாக வெளிச்சம் எதையும் கொண்டுவருவதில்லை. வந்த கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. ஒளி துகள் துகளாக, மழைத்துளி போல ஒழுங்கில்லாமல் விழுகிறது. 10,000 துகள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது நூற்றில் ஒரு பங்கு. 100 துகளே விழுந்தால் அது 10, பத்தில் ஒரு பங்கு. இந்த ஏற்ற இறக்கம்தான் அந்த மணல்.

ஷட்டரின் ‘கிளிக்’ சத்தம் வேண்டாம் என்று, கதவு அசையாத எலக்ட்ரானிக் ஷட்டருக்குப் போனால் வேறு சிக்கல். பெரும்பாலான கேமராக்களில் ஒளியைப் பதியும் சென்சார் படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. வரிசை வரிசையாகப் படிக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்ஈடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எழும். ஒரு வரிசை பிரகாசத்திலும் அடுத்தடுத்தவை மங்கலிலும் மாட்டி, படத்தில் பட்டை பட்டையாக விழும். ஷட்டரை 1/100-ல் வைத்தால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முழுச் சுற்று கிடைத்துப் பட்டை மறையும்.

ஆக, வேகமாகவும் போக முடியாது, மெதுவாகவும் போக முடியாது. இங்கேதான் கையின் அசைவே நமக்கு உதவுகிறது. ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் முன் ஒரு கணம் நிற்கும் இல்லையா? வாசிக்கும் கையும் அப்படித்தான். மேலே போன கை கீழே திரும்ப வேண்டுமென்றால், நடுவில் அதன் வேகம் சுழியமாகியே தீர வேண்டும். மேலே சொன்ன அதே கையை 1/100 நொடியில் பாதி வழியில் பிடித்தால் இரண்டரை சென்டிமீட்டர் கலங்கும். உச்சியில் பிடித்தால் ஒரு மில்லிமீட்டர்கூடக் கலங்காது. கேமராவுக்குச் செலவழிப்பதைவிட இதைக் கற்பது மேல் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் உச்சியைக் கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தினால் நடக்காது. கண் கண்டு விரல் அழுத்த ஏறக்குறைய 1/5 நொடி ஆகும். அதற்குள் கை இறங்கி அடித்து, மறுபடி ஏறத் தொடங்கியிருக்கும். அடுத்த அடி எப்போது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதனால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே காத்திருக்க வேண்டியதுதான். தனியை முடித்து வைக்கும் தாளக் கோப்பான கோர்வை பெரும்பாலும் மூன்று முறை வரும். முதல் முறை கேளுங்கள். இரண்டாம் முறை, கை எங்கே உயர எழுகிறது என்று பாருங்கள். மூன்றாம் முறை, அந்த இடத்துக்கு ஒரு நூலிழை முன்னால் அழுத்துங்கள்.

அப்போதும் வலக்கை மேலே நிற்கையில் இடக்கை, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கும்கி என்னும் குழைந்த ஓசையை இழுத்துக்கொண்டிருக்கலாம். ஒரு கை கல்லில் செதுக்கியதுபோல, மற்றது தண்ணீரில் கரைந்ததுபோல வரும். அந்தப் படங்களை நான் அழிப்பதே இல்லை.