புரட்டாசிக்கு முன்னால் மூடிய பாட்டில்கள்

பீர் ஆலை ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டிலேயே பீர் காய்ச்சும் நம்மவர்கள் என்னிடம் நிறைய கேட்பார்கள். எந்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), எந்த ஹாப்ஸ் (கசப்பு தரும் பூ) என்றுதான் கேள்வி வரும். பாட்டிலை எப்போது மூடலாம் என்று கேட்பவர்கள் குறைவு. காயம் படுவது அதில்தான்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் தெரிந்த தம்பி ஒருவர் செப்டம்பர் முதல் வாரம் கோதுமை பீர் போட்டார். புரட்டாசி பிறந்துவிட்டால் அந்த வீட்டில் கறி, மது எதையும் தொடமாட்டார்கள். அதற்குள் அடைத்துவிட வேண்டும் என்று அவசரம். ஆறாம் நாள் ஏர்லாக்கில், அதாவது தொட்டியிலிருந்து வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பானில், குமிழி நின்றது. நொதித்தல் முடிந்துவிட்டது என்று நினைத்து, சர்க்கரை சேர்த்து மூடி, கராஜில் அடுக்கினார். விரதம் முடிந்து ஒரு பாட்டிலைத் தூக்கியபோது கையிலேயே வெடித்தது. முன்கையில் ஒன்பது தையல். “குமிழி நின்னுடுச்சே அண்ணா” என்றார்.

குமிழி நின்றது உண்மைதான். ஆனால் அந்த வாரம் இரவில் கராஜ் 15 டிகிரிக்கு இறங்கியிருந்தது. கோதுமை பீர் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வரை வேண்டும். குளிரில் அது சாகவில்லை, தூங்கிவிட்டது. அக்டோபர் வெயிலில் விழித்து, மீதியிருந்த சர்க்கரையை மூடிய பாட்டிலுக்குள் தின்று வாயுவை விடத் தொடங்கியது.

எவ்வளவு மீதி இருந்தால் ஆபத்து? ஒரு லிட்டருக்கு சுமார் 7 கிராம் சர்க்கரை போட்டால் பீர் நன்றாக நுரைக்கும். பீரின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவிதான் ஹைட்ரோமீட்டர்; சர்க்கரை குறையக் குறைய அதன் அளவு இறங்கும். அதில் வெறும் 0.003 இறங்க மீதியிருந்தாலே, அது கிட்டத்தட்ட இன்னொரு 6 கிராம் சர்க்கரைக்குச் சமம். அவருடைய பீர் 1.020-இல் நின்றிருந்தது, முடிய வேண்டியது 1.010. லிட்டருக்கு ஏறக்குறைய 20 கிராம் கூடுதல்! அதைத் தாங்கும் வலு சாதாரண டம்பி (சிறிய பீர்) பாட்டிலுக்குக் கிடையாது.

அதனால் குமிழியை நம்பாதீர்கள். ஹைட்ரோமீட்டரை நம்புங்கள். மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்ட வேண்டும், அதுவும் தொட்டி 20 டிகிரி சூட்டில் இருக்கும்போது. நம் ஊர் வெயிலில் இன்னொரு சிக்கல் உண்டு. பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. அளக்க எடுத்த பீர் மாதிரி 30 டிகிரியில் இருந்தால் 0.002-க்கு மேல் குறைத்துக் காட்டும், முடியாத பீர் முடிந்ததுபோல் தெரியும். மாதிரியை ஆறவைத்து, ஆட்டி வாயுவை வெளியேற்றிவிட்டு அளவெடுங்கள்.

செய்முறை எளிதுதான். 20 லிட்டருக்கு கோதுமை மால்ட் 2 கிலோ, பார்லி மால்ட் 2 கிலோ. 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி, கசப்பு மட்டான ஹாப்ஸ் 25 கிராம் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். சீக்கிரம் ஆறவைத்து ஈஸ்ட் பாக்கெட்டைத் தூவுங்கள். ஆல்கஹால் 4 சதவீதத்தையொட்டி வரும், லேசாகக் குடிக்கலாம். வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் ஈஸ்ட் தருவது. சூடு கூடினால் வாழைப்பழம் தூக்கலாகும். இங்கே கோடையான ஜனவரியில் தொட்டியைத் தண்ணீர் டப்பில் வைத்து, உறைந்த தண்ணீர் பாட்டில்களை மாற்றிமாற்றிப் போட வேண்டியிருக்கும். இந்த ஈஸ்ட் பயங்கரமாக நுரைக்கும். 20 லிட்டருக்கு 30 லிட்டர் தொட்டி வேண்டும், இல்லாவிட்டால் ஏர்லாக் அடைத்து மூடி பறக்கும்.

அடைக்கும்போது ஒரு பாட்டிலாவது பிளாஸ்டிக் சோடா பாட்டிலாக இருக்கட்டும். தினமும் அமுக்கிப் பாருங்கள். கல்லாக இறுகிய பிறகும் இறுகிக்கொண்டே போனால் எல்லாவற்றையும் உடனே குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். ஆனால் வெறுங்கையால் தொட வேண்டாம். தடித்த கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நீளக் கை சட்டை போட்டு, கனமான ஈரத் துண்டைப் போர்த்தித் தூக்குங்கள். ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் மூடியைத் தளர்த்த வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. ஏற்கெனவே ஒன்று வெடித்திருந்தால் மற்றவற்றையும் அதே கதியில் இருப்பவையாக எண்ணுங்கள்.

அந்தத் தம்பி இந்த முறை ஆடி மாதமே போட்டுவிட்டார். தொட்டியைச் சமையலறையில் வைத்து, போர்வை சுற்றியிருந்தார். அடைப்பதற்கு முன் மூன்று படங்கள் அனுப்பினார். 1.010, 1.010, 1.010. “சரி, இப்போ மூடு” என்றேன்.