டாங்கியின் காலடியில்

இங்கிலாந்தில் டார்செட் மாவட்டத்தின் போவிங்டனில் இருக்கிறது டாங்கி அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததும் யாருடைய கண்ணும் பீரங்கிக் குழாய்க்குத்தான் போகும். என் கண்ணும் அப்படித்தான் போனது. ஆனால் 'லிட்டில் வில்லி'யின் பக்கவாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்த பிறகு, எல்லா டாங்கியையும் கீழிருந்தே பார்க்கத் தொடங்கினேன்.

லிட்டில் வில்லியில் பீரங்கியே கிடையாது. ஆணி அறைந்த பெரிய இரும்புப் பெட்டி போல நிற்கிறது. 1915-ல் லிங்கன் நகரில் வில்லியம் டிரிட்டனும் வால்டர் வில்சனும் உருவாக்கிய இதுதான் இன்று மிஞ்சியிருக்கும் டாங்கிகளிலேயே பழையது. ரகசியம் காப்பதற்காக, போர்முனைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி செய்கிறோம் என்று சொல்லி வைத்தார்கள். நம் மொட்டைமாடி டேங்கும் போர்க்கள டாங்கும் ஒரே பெயரில் இருப்பது அதனால்தான்.

அவர்களுக்குப் பெரிய தலைவலி, டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் செயின். முதலில் அமெரிக்காவிலிருந்து வாங்கிய செயினைப் பூட்டினார்கள். பதுங்குகுழியைத் தாண்டும்போது அது தொங்கிப்போய் சக்கரத்தைவிட்டுக் கழன்றது. டிரிட்டன் எஃகுத் தகடுகளை வார்ப்புக் கண்ணிகளில் அறைந்து புதிதாக ஒன்று செய்தார். கண்ணியின் உட்புறம் இருந்த பிடிப்பு, வண்டியின் பக்கச் சட்டத்தைக் கவ்விக்கொண்டது. இனித் தொங்க வழியில்லை. 1915 செப்டம்பர் 22 அன்று அவர் அனுப்பிய தந்தி, பிள்ளை பிறந்த சேதி சொல்வதுபோல எழுதப்பட்டது. அந்தக் கண்ணிகளை அருகில் பார்த்தால் அவருடைய மகிழ்ச்சி புரியும்.

நம் ஊரில் மண் அள்ளும் இயந்திரத்தைச் 'செயின் வண்டி' என்கிறோமே, டாங்கியின் நடையும் அதே நடைதான். தனக்கான பாதையைத் தானே முன்னால் விரித்து, அதன்மேல் சக்கரங்களை உருட்டி, பின்னால் சுருட்டி எடுத்துக்கொள்கிறது. தரையில் படிந்திருக்கும் கண்ணி அசைவதில்லை. வண்டி மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால், செயினின் மேல்பகுதி 40 கி.மீ. வேகத்தில் முன்னே பாயும். அடிப்பகுதி அப்படியே கிடக்கும்.

இதன் பலன் என்ன என்பதை 'டைகர் 131' அருகில் நின்று கணக்குப் போடலாம். 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிடிபட்ட இந்த ஜெர்மன் டாங்கி இன்னும் ஓடுகிறது. டைகரின் எடை சுமார் 57 டன். செயினின் அகலம் 72.5 செ.மீ.; தரையில் படியும் நீளம் ஏறக்குறைய 3.6 மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்தால், ஒரு சதுர செ.மீ. மீது விழும் சுமை ஒரு கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சாதாரணக் கார் டயர் தரையை அழுத்துவது சுமார் இரண்டு கிலோ!

ஆனால் இது சராசரிக் கணக்கு. செயின் வளையக்கூடியது, ஆகவே ஒவ்வொரு சக்கரத்துக்கும் நேர்க்கீழே அழுத்தம் கூடும். அதைப் பரப்பத்தான் டைகரின் சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறியதுபோலப் பின்னி அடுக்கினார்கள். அழகான தீர்வு, ஆனால் கொடுத்த விலை அதிகம். உள்ளே இருக்கும் ஒரு சக்கரத்தை மாற்ற, வெளியே உள்ள பலவற்றைக் கழற்ற வேண்டும். ரஷ்யக் குளிரில் இடையே சிக்கிய சேறு உறைந்து சக்கரங்களையே பூட்டிவிடும். ரயிலில் ஏற்றுவதென்றால் இந்த அகலம் தாங்காது. ஓரச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு 52 செ.மீ. செயினை மாட்டுவார்கள்.

டாங்கியின் முன்சக்கரம் காரில்போல் திரும்பாது. ஒரு பக்கச் செயினின் வேகத்தைக் குறைத்தால், வண்டி அந்தப் பக்கம் திரும்பும். சொல்வதற்கு எளிது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சொம் போர்க்களத்தில் இறங்கிய 'மார்க் 1' டாங்கியைத் திருப்ப நான்கு பேர் தேவைப்பட்டார்கள். முன்னால் ஓட்டுநர்; அவர் பக்கத்தில் பிரேக் பிடிக்கும் தளபதி; பின்னால் இரண்டு செயின்களுக்கும் தனித்தனியே கியர் மாற்ற இருவர். நடுவே, மறைப்பில்லாத அறையில் எஞ்சின் அலறிக்கொண்டிருக்கும். பேச்சு காதில் விழாது. எஞ்சின் மூடியைத் தட்டி, கையசைத்துத்தான் பின்னால் இருப்பவர்களுக்கு உத்தரவு போகும். இன்று மிஞ்சியிருக்கும் ஒரே மார்க் 1 போவிங்டனில்தான் நிற்கிறது. 1918-ல் வந்த 'மார்க் 5'-இல், அதே வால்டர் வில்சன் வடிவமைத்த கியர் அமைப்பு இருந்தது. அதன் பிறகே ஓட்டுநர் ஒருவர் மட்டும் இரண்டு கைகளால் வண்டியைத் திருப்ப முடிந்தது.