காணிக்கைப் பை பின்வரிசையில் இருக்கும்போது

ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பாடலின் கடைசிச் சரணம் முடிந்துவிடுகிறது. காணிக்கைப் பையோ இன்னும் பின்வரிசையில்தான் இருக்கிறது. அந்த இரண்டு மூன்று நிமிடங்களை இசையால் நிரப்புவது கீபோர்டு வாசிப்பவரின் பொறுப்பு. நாகர்கோவிலில் பியானோ கற்பித்துவரும் நான், என்னிடம் வரும் பிள்ளைகள் இசையை எவ்வளவு தூரம் கற்றிருக்கிறார்கள் என்பதை அந்த நேரத்தில்தான் அறிகிறேன். ஐந்தாம் கிரேடில் டிஸ்டிங்ஷன் வாங்கிய பிள்ளைகூட அப்போது பாடி முடித்த பாடலையே திரும்ப வாசிக்கிறது. இல்லையென்றால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவியிடம், அவள் சிறுவயது முதல் பாடிவரும் பாடல் ஒன்றுக்கு இடக்கையால் பாஸ், அதாவது அடிக்குரல், வாசிக்கச் சொன்னேன். "நோட்டேஷன் இல்லியே டீச்சர்" என்றாள். முன்பு பயின்ற இடத்தில் ஒவ்வொரு கிரேடுக்கும் தேர்வுக்குரிய மூன்று பாடங்களைத்தான் ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்திருக்கிறார்கள். விரல்கள் நன்றாக ஓடின; ஆனால் தான் வாசிப்பது எந்தக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), அது ஏன் அடுத்த கார்டுக்குப் போகிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை. இதில் பிள்ளையின் குற்றம் எதுவும் இல்லை.

கிரேடு தேர்வுகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் கிரேடு தேர்வில் இம்ப்ரொவைசேஷனையே, அதாவது எழுதிவைக்காததை அந்த நேரத்திலேயே உருவாக்கி வாசிப்பதையே, துணைத் தேர்வாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பெரும்பாலான பெற்றோருக்கு இது தெரிவதில்லை, தெரிந்தவர்களும், "அதெல்லாம் ஆண்டவர் தந்த வரம், சொல்லிக்கொடுத்து வருமா?" என்று கேட்கிறார்கள். வரும் என்பதற்கு நேப்பிள்ஸ் நகரம் சாட்சி. 16-ஆம் நூற்றாண்டில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கென அங்கே தொடங்கப்பட்ட நான்கு இல்லங்கள் காலப்போக்கில் இசைப் பள்ளிகளாக வளர்ந்தன. அவற்றில் பிள்ளைகளின் பிழைப்புக்கான கைத்தொழிலாகவே இசை கற்பிக்கப்பட்டது. பார்டிமெண்டோ எனப்படும் ஒற்றை பாஸ் வரியை மட்டும் முன்னால் வைத்து, மேலே வரவேண்டிய குரல்களைக் கீபோர்டிலேயே உருவாக்கச் செய்தார்கள். ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக் தம் மாணவர்களுக்கு நான்கு குரல் ஹார்மனியைத்தான் முதலில் கற்பித்தார் என்று அவருடைய மகன் எழுதியிருக்கிறார். அதன்பின் ஆலயப் பாடல்களை எடுத்துக்கொண்டு, பாஸை முதலில் தாமே எழுதிக் கொடுத்து நடுக்குரல்களான ஆல்டோவையும் டெனரையும் மாணவர்களை அமைக்கச் செய்தாராம். பாஸை அவர்களே அமைப்பது அதற்கடுத்த படி. பாடகர் குழுவில் நான்கு குரலையும் கேட்டே வளரும் நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

அந்த மாணவிக்கு நான் முதலில் கொடுத்தது, 18-ஆம் நூற்றாண்டில் 'ஆக்டேவ் விதி' என்று பெயர் பெற்ற பயிற்சி. இடக்கை சி மேஜர் ஸ்கேலைக் கீழிருந்து மேலாக ஒவ்வொரு சுரமாக வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் எந்தச் சுரங்கள் வரும் என்பதை வலக்கை அறிந்திருக்க வேண்டும். சி-யின் மேல் ஈயும் ஜியும் வரும். டி-யின் மேல் எஃப், ஜி, பி. ஈ-யின் மேல் ஜியும் சியும். எஃப்-க்கு வரும்போது ஏ, சி, டி சேர்ந்து ஜி-யை நோக்கித் தள்ளும். இறங்கி வரும்போதோ அதே எஃப்-இன் மேல் ஜி, பி, டி அமையும். அந்த எஃப் ஈ-க்கு இறங்கியே தீர வேண்டும். ஏறும்போது ஒரு முகம், இறங்கும்போது வேறு முகம். ஆரோகணமும் அவரோகணமும் வேறுபடும் ராகங்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு இதை நான் நீண்ட நேரம் விளக்க வேண்டியதில்லை. வலக்கை தாவக் கூடாது. அடுத்த கார்டிலும் வரும் சுரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, மற்றவற்றை மிக அருகில் உள்ள இடத்துக்கு நகர்த்த வேண்டும். இது பழகியதும் எஃப், ஜி, டி ஸ்கேல்களில் செய்ய வேண்டும். சுருதியைத் தானே மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி எல்லாவற்றையும் சி-யிலேயே வாசிக்கும் வழக்கத்தை நான் ஆரம்பத்திலேயே தடுத்துவிடுகிறேன். பட்டன் இல்லாத பியானோவின் முன் அமரும் நாளில் அந்தக் கைக்கு ஒன்றும் செய்யத் தெரியாது.

மேஜர் ஸ்கேலை ஒத்த சங்கராபரணத்தின் சாயலில் அமைந்த பாடல்களுக்கு இம்முறை இயல்பாகப் பொருந்தும். மாயாமாளவகௌளையில் அமைந்த கீர்த்தனைக்கு இதைத் திணிப்பது தவறு. அங்கே ரிஷபம் தாழ்ந்திருப்பதால் பஞ்சமத்தின் மேல் வழக்கமான மேஜர் கார்டு அமையாது. அத்தகைய கீர்த்தனைக்குச் சுருதியை மட்டும் நிறுத்தி, பாடுபவரின் மெட்டைக் கையால் பின்தொடர்ந்தால் போதும் என்பது என் கருத்து.

பாஸும் கார்டுகளும் கைக்கு வந்தபின் இம்ப்ரொவைசேஷன் அச்சுறுத்துவதில்லை. கார்டைப் பிரித்து வாசிப்பது, இரண்டு சுரங்களுக்கு இடையே கடக்கும் சுரம் ஒன்றைச் சேர்ப்பது, முந்தைய கார்டின் சுரத்தைச் சற்றே தாமதித்து இறக்குவது, ஒரு சிறு இசைத்தொடரை ஒவ்வொரு படியாகக் கீழிறக்கித் திரும்பச் சொல்வது: இந்த நான்கையும் நாளுக்குப் பத்து நிமிடம் என்று ஏறத்தாழ ஓராண்டு பழக வேண்டும். தாளத்தையும் பக்க இசையையும் தானே வாசிக்கும் ஸ்டைல் பட்டனை அணைத்துவிட்டு, மெதுவாக, வாசிப்பதை வாயால் பாடிக்கொண்டே செய்வது நல்லது.

சென்ற லெந்து காலத்தில் அந்த மாணவி தன் சபையில் வாசித்ததை நேரில் கேட்டேன். பாடல் முடிந்ததும் அதன் கடைசி வரியை எடுத்து, பாஸை சி-யிலிருந்து ஒவ்வொரு படியாக ஜி வரை இறக்கினாள். காணிக்கைப் பைகள் இன்னும் பீடத்துக்கு வந்து சேரவில்லை. ஜி-யின் மேலேயே நின்று, மேல்குரல்களை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டிருந்தாள். போதகர் ஜெபத்துக்காகத் திரும்புவதைக் கண்ணோரத்தில் பார்த்த பிறகே சி-க்கு இறங்கினாள்.