மலையைக் கூட்டிப் பெருக்காதீர்கள்

இன்னொரு சிரமதானம் நடந்து முடிந்துவிட்டது. திருகோணமலையை அடுத்த கன்னியாப் பக்கத்தில், கிரவல் அள்ளிய வடு இன்னும் ஆறாத ஒரு மலைச்சரிவு அது. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆவரை, விராலி, கிளா என்ற புதர்ச்செடிகளை நட்டோம். அவை பிழைத்துப் பூத்துக் காய்த்து, கடந்த மாரியில்தான் அடியில் தானாக முளைத்த கன்றுகளைக் கண்ணால் கண்டோம். அதற்குள் யாரோ பார்வையிட வருகிறார்கள் என்று இடத்தை அழகுபடுத்திவிட்டார்கள். புல்லைச் செருக்கி, சருகைக் குவித்துக் கொளுத்தி, ஒவ்வொரு செடியைச் சுற்றியும் கல் அடுக்கிச் சுண்ணாம்பும் பூசியாயிற்று. அந்தக் கற்களை எங்கிருந்து எடுத்தார்கள்? மண் அரித்துப்போகாமலிருக்கச் சரிவுக்குக் குறுக்கே நாங்கள் பதித்திருந்த கல்வரிசையிலிருந்து!

"பாருங்கள் சேர், நட்ட செடி ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை" என்று பெருமையோடு காட்டினார்கள். கன்று ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? இப்படி நடப்பது இது முதல் தடவையும் அல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் நடுவது தாய்ச்செடி. அது என்றாவது ஒருநாள் பட்டுத்தான் போகும். அதன் விதையில் வந்த கன்று நிற்கிறதா என்பதை வைத்துத்தான் அந்தச் சரிவு தேறுமா தேறாதா என்று சொல்ல முடியும். ஆனால் நிரப்பித் தரச்சொல்லும் படிவங்களில் 'நட்டவை எத்தனை, உயிரோடிருப்பவை எத்தனை' என்ற இரண்டு கட்டங்களே இருக்கின்றன. முளைத்தவற்றுக்குக் கட்டமே இல்லை.

முற்றம் கூட்டாத வீட்டை நம் ஊரில் யாரும் மதிப்பதில்லை. அதே கண்ணோடு மலையையும் பார்க்கிறோம். இதுதான் எனக்கு ஆற்றாமை. திருகோணமலைக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். கூட்டிப் பெருக்கிய வெறும் மண்ணில் விழும் மாரித்துளி மண்கட்டியை உடைத்துத் தூளாக்குகிறது. அந்தத் தூள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொண்டு, காய்ந்ததும் ஓடாக இறுகிவிடுகிறது. அதன்மேல் விழுந்த ஆவரை விதை அடுத்த மழையோடு அடிவாரத்து வாய்க்காலுக்குப் போய்ச் சேரும். விராலிக் காய்க்குக் காகிதம் போன்ற சிறகு உண்டு. அதை அடித்துப்போகக் காற்றே போதும். விதை சரிவில் தங்க வேண்டுமென்றால் ஏதாவது ஒன்று அதை மறிக்க வேண்டும். சருகு, சுள்ளி, புல்மூடு, ஒரு கல், எதுவானாலும் சரி. நீங்கள் குப்பை என்று கொளுத்துவது இவற்றைத்தான்.

அந்தச் சருகை நான் கையால் விலக்கிப் பார்த்திருக்கிறேன். மேலே மொறுமொறுப்பு, அடியில் ஈரமான கறுப்பு மண். உள்ளங்கை அகல இடத்தில் ஐந்தாறு ஆவரைக் கன்றுகள், தடித்த இரண்டு வித்திலைகளுக்கு நடுவே சின்னஞ்சிறு கூட்டிலையோடு நின்றன. விராலிக் கன்றின் வித்திலை நீண்டு ஒடுங்கியிருக்கும். அதைப் புல் என்று நினைத்துப் பிடுங்காதவர்கள் குறைவு. படித்த உத்தியோகத்தர்களும் பிடுங்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று. ஆவரை, விராலி இரண்டுக்கும் விதைத்தோல் கடினம். நாற்றுமேடையில் வெந்நீரில் போட்டு ஊறவைத்துத்தான் விதைக்கிறோம். மலையில் விழுந்த விதை எல்லாம் ஒரே மாரியில் முளைத்துவிடாது. சில அடுத்த மாரிக்கும் அதற்கடுத்த மாரிக்கும் காத்துக் கிடக்கும். ஒருநாள் சிரமதானத்தில் பல ஆண்டு விதை போய்விடுகிறது.

'சூட்டில்தானே கடின விதை வெடித்து முளைக்கும், கொளுத்தினால் நல்லதுதானே' என்று கேட்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். குவித்துக் கொளுத்திய சருகுக்குள் கிடந்த விதை வெந்துவிடும். தீயால் பயன்பெறுவது இலுக்குப் புல்தான். அதன் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருந்து, மழை விழுந்ததும் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு துளிர்க்கும்.

பாம்புப் பயம் நியாயமானது. நடைபாதையின் இரு ஓரத்தையும் தாராளமாக வெட்டுங்கள். சரிவுக்குள் மண்வெட்டி வேண்டாம். புல் செடியை நெருக்கினால் அரிவாளால் அரிந்து அந்த இடத்திலேயே பரப்பிவிடுங்கள். வேலை தொடங்குமுன் கன்றுகளைத் தெரிந்தவர் ஒருவர் முன்னே போய், கன்று நிற்கும் இடமெல்லாம் குச்சி நடட்டும். முளைத்ததையெல்லாம் காப்பாற்றச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வந்து எங்கும் பரவும் நாயுண்ணியும் இப்பில் இப்பிலும் தலைகாட்டினால் இரக்கம் பார்க்காமல் வேரோடு பிடுங்குங்கள்.

கிளாக் கன்றைத் தாய்ச்செடிக்கு அடியில் மட்டும் தேடாதீர்கள். கொண்டைக்குருவி பழத்தைத் தின்று எங்கே உட்கார்ந்து எச்சமிடுகிறதோ அங்கேதான் அது முளைக்கும். ஆகவே பட்டுப்போன கொம்பை விறகுக்கு வெட்டாமல் நிற்க விடுங்கள்.

ஜூன் 5ஆம் திகதி சுற்றாடல் தினம் என்று கச்சான் காற்று அனல் வீசும் நேரத்தில் கன்றும் கமெராவுமாக மலையேறுகிறவர்களுக்கு: அன்றைக்குப் பேச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடுவதை ஒக்டோபர் மழை மண்ணை நனைத்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆவரம்பூ பறித்துக் காயவைக்கும் அம்மாமாரிடம் ஒரு கெஞ்சல். தேநீருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், பாதிப் பூவையாவது செடியில் விடுங்கள். பூவெல்லாம் போனால் காய்க்க என்ன இருக்கும்?

கடைசியாக வேலி. முற்றிய ஆவரையையும் விராலியையும் ஆடுமாடு அவ்வளவாகத் தொடுவதில்லை. அதை நம்பி, செடி இடுப்பளவு வந்ததும் கம்பியைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். கன்றைத் தின்னாவிட்டாலும் மாடு மிதிக்குமே! முளைத்த கன்று இரண்டு மாரியாவது காணும் வரைக்கும் கம்பி நிற்கட்டும். வேலி போடும்போதே மாட்டுக்காரரைக் கூப்பிட்டு, மந்தை குளத்துக்குப் போகும் தடத்தை ஒதுக்கிவிட்டுப் போடுங்கள். தடத்தை மறித்துப் போட்டால் அவர் அதை அறுக்காமல் என்ன செய்வார்?