ஸ்டாண்ட் அப் கொமெடி: எங்களிடம் உள்ள சொல்

ஒருவர் மட்டும் மேடைக்கு வருகிறார். வேடம் இல்லை, காட்சியமைப்பு இல்லை, கூட நடிக்க ஆளும் இல்லை. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் இருப்பவர்களோடு நேரே கதைத்துச் சிரிக்கவைக்கிறார். இதுதான் ஸ்டாண்ட் அப் கொமெடி. இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

அந்த ஆங்கிலப் பெயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. பாட்டும் ஆட்டமும் வித்தையுமாக நடந்த அரங்குகளில், வேறொன்றும் செய்யாமல் நின்று பேசியே சிரிக்கவைத்தவர்களைக் குறித்த சொல் அது. தமிழில் 'மேடைச் சிரிப்புரை', 'தனிநபர் நகைச்சுவை' என்றெல்லாம் எழுதுகிறார்கள். முதலாவது பரவாயில்லை. இரண்டாவது கந்தோர்க் கடிதத்தில் வரும் சொல் போல இருக்கிறது. 'நின்று' என்பதை வைத்துச் சொல் கட்டுவதிலும் பயனில்லை. பட்டிமன்றக்காரரும் கதாப்பிரசங்கியாரும் நின்றுதானே பேசுகிறார்கள்?

யாழ்ப்பாணத்தில் இதற்கு நெருங்கிய கலை ஒன்று முன்பே இருந்தது. தனிநடிப்பு. அந்தச் சொல்லைக் கேட்டதும் கரவெட்டியில் பிறந்த கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' நினைவுக்கு வரும். பஸ் கொண்டக்டர் ஒருவரை அவர் ஒற்றை ஆளாக மேடைக்குக் கொண்டுவந்தார். சாரதிக்குக் கொண்டக்டர் கொடுக்கும் குரலே தலைப்பு. எங்கள் பேச்சை அதன் இழுவையோடும் வேகத்தோடும் அப்படியே மேடையேற்றியதுதான் அவருடைய பெருமை என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணப் பேச்சைக் கொச்சைப்படுத்தாமல் அதைக் கொண்டே சிரிக்கவைப்பது லேசான வேலை அல்ல. அவர் 2014இல் கனடாவில் காலமானார். இன்றும் அந்தத் தலைப்பைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் தனிநடிப்பில் கலைஞர் இன்னொருவராக மாறுகிறார். ஸ்டாண்ட் அப்பில் அவர் தானாகவே நிற்கிறார், அல்லது தான் என்று எங்களை நம்பவைக்கிறார். அமெரிக்கரான ரிச்சர்ட் பிரையர் 1980இல் உடலில் தீப்பற்றிச் சாகக் கிடந்தவர். பிழைத்து வந்து, அந்தத் தீக்காயத்தையே மேடையில் சொல்லிச் சிரிக்கவைத்தார். எனக்குப் பிடித்த இன்னொருவர் தமிழகத்து அலெக்ஸாண்டர் பாபு. மென்பொருள் வேலையை விட்டு வந்தவர். பழைய திரைப்பாடகர்களை அவர் பாடிக்காட்டும்போது பகிடிக்குக் கீழே இருக்கும் பக்தி தெரியும். விரும்பாத ஒன்றைக் கிண்டலடிக்க எல்லோராலும் முடியும். உயிராய் நேசிப்பதை வைத்துச் சிரிக்கவைக்க அவரைப் போன்ற சிலரால்தான் முடிகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கைச் சொல்கிறது. எள்ளலுக்கு உரையாசிரியர்கள் இரண்டு வழி காட்டுகிறார்கள்: தான் பிறரை எள்ளுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளுவது மற்றது. மேடையில் தனியே நிற்பவருக்கு இரண்டாவது வழிதான் பெரிய பலம். பிரையர் பிடித்ததும் அதைத்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். என் தெரிவு 'தனிப்பகிடி'. பகிடி என்பது பகடியின் இன்னொரு வடிவம், பரிகாசம் என்று பொருள். தமிழகத்தில் பகடி பெரும்பாலும் எழுத்தாளர்களின் சொல்லாகிவிட்டது. இங்கே பகிடி குசினியிலும் சந்தையிலும் புழங்குகிறது. 'பகிடி விடாதை', 'பகிடிக்குச் சொன்னனான்' என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறோம்! எதிரில் ஆள் இல்லாமல் பகிடி விடமுடியாது. ஸ்டாண்ட் அப்பின் அடிப்படையும் அதுவே.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்பது தெரியும். பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்களுக்கு மூத்தவர்கள் செய்யும் கொடுமைக்குப் பகிடிவதை என்று பெயர். அதைத் தடைசெய்ய இலங்கையில் 1998இல் சட்டமே வந்தது. அந்தக் கறைக்காகச் சொல்லைக் கைவிடக்கூடாது என்பது என் எண்ணம். அங்கே குற்றம் வதையில் இருக்கிறது. பகிடியை அதனிடமிருந்து மீட்டெடுக்க மேடையை விட நல்ல இடம் இல்லை.

நிகழ்த்துபவருக்குப் புதுப்பெயர் தேடவும் வேண்டாம். பகிடிக்காரர், பகிடிக்காரி என்று நோட்டீசில் போட்டால் யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் விளங்கும்.